ஊருக்கே தெரிஞ்ச ஆளுதான், ஆனா விக்கிபீடியாவுல பக்கம் நிக்கணும்னா ஆதாரம் எப்படித் தேடுறது?

எங்க பக்கம், திருவண்ணாமலை ஜில்லாவுல, ஒரு தெருக்கூத்து வாத்தியார் இருந்தாரு. துரியோதனன் வேஷம்னா அவருதான்னு சுத்துப்பட்டு ஊர் அத்தனையும் சொல்லும், படுகளம், அதாவது பாரதக் கூத்துல துரியோதனன் விழுற கட்டம், அன்னைக்குக் காலையில கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கிட்டு, மண்ணுல படுக்கப் போட்ட மாதிரி செஞ்சிருக்கிற அந்தப் பெரிய துரியோதனன் உருவத்தைச் சுத்தி அவரு ஓடி வந்தாருன்னா சின்னப் புள்ளைங்க எல்லாம் அலறும். அவரு தவறினப்ப மனசு கேக்காம ஒரே ராத்திரியில உக்காந்து விக்கிபீடியாவுல அவரைப் பத்தி ஒரு பக்கம் எழுதிப் போட்டேன். ஒரு வாரம்கூட நிக்கல, நீக்கிட்டாங்க. குறிப்பிடத்தக்கமை நிறுவப்படலைன்னு காரணம் போட்டிருந்தாங்க. அன்னைக்கு எனக்கு அழுகையே வந்துடுச்சு, 40 வருஷம் விடிய விடிய ஆடின மனுஷன் குறிப்பிடத்தக்கவரு இல்லையான்னு. அப்புறம் நிதானமா விதியைப் படிச்சப்பதான் புரிஞ்சுது, நான் எழுதினதுல ஒரு வரிக்குக்கூட ஆதாரம் இல்ல, எல்லாமே என் ஞாபகமும் வீட்டுக்காரங்க வாய்வழியா சொன்னதும்தான். நீக்கினது சரிதான். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் தேடித் திரும்பப் போட்டேன், இப்ப பக்கம் நிக்குது. இதே மாதிரி உங்க ஊர் நாதஸ்வரக்காரரு, புலவரு, வைத்தியரு, பழைய தொழிற்சங்கத் தலைவரு யாருக்காவது பக்கம் போடணும்னு நினைக்கிறவங்களுக்காக, நான் போன வழியை அப்படியே சொல்றேன்.

முதல்ல மனசுல ஏத்திக்க வேண்டியது, விக்கிபீடியா கேக்கிறது "இவரு பெரிய ஆளா"ன்னு இல்ல. "இவருக்குச் சம்பந்தமில்லாத, நம்பகமான யாராவது இவரைப் பத்தி விரிவா எழுதி, அது வெளிவந்திருக்கா"ன்னுதான் கேக்குது. இதுல ஒவ்வொரு வார்த்தையும் முக்கியம். சம்பந்தமில்லாதன்னா அவரு மகன் எழுதினது, அவரு சிஷ்யன் எழுதின அணிந்துரை, அவரு வேலை பாத்த காலேஜ் வெளியிட்ட குறிப்பு இதெல்லாம் கணக்குல வராது. நம்பகமானன்னா ஆசிரியர் குழுன்னு ஒண்ணு இருந்து சரி பாத்து வெளியிடுற பத்திரிகை, பதிப்பகம், ஆய்விதழ். விரிவான்னா "நேற்று இரவு இன்னார் குழுவினரின் கூத்து நடைபெற்றது"ங்கிற ஒரு வரி பத்தாது, குறைஞ்சது ரெண்டு மூணு பத்தியாவது அவரைப் பத்தியே பேசியிருக்கணும். இந்த மூணும் ஒரே ஆதாரத்துல சேந்து இருக்கணும், இதுலதான் நிறைய பேரு சறுக்குறாங்க, ஒரு ஆதாரம் விரிவா இருக்கும் ஆனா சொந்தக்காரர் எழுதினதா இருக்கும், இன்னொண்ணு பெரிய பத்திரிகையா இருக்கும் ஆனா ஒரே வரியா இருக்கும், ரெண்டையும் கூட்டி ஒண்ணுன்னு கணக்குப் பண்ண முடியாது.

பெரிய ஆளுங்களுக்கே இது நடந்திருக்கு. கனடாவுல டோனா ஸ்ட்ரிக்லண்ட்னு ஒரு இயற்பியல் விஞ்ஞானி, லேசர் ஆராய்ச்சி பண்றவங்க, 2013ல அமெரிக்காவுல இருக்கிற ஆப்டிகல் சொசைட்டிக்குத் தலைவராவே இருந்தவங்க. அவங்களைப் பத்தின வரைவை 2018 மே மாசம் ஆங்கில விக்கிபீடியாவுல ஏத்துக்கல, சார்பில்லாத ஆதாரத்துல விரிவா எழுதப்பட்டதா மேற்கோள் காட்டலைன்னு. அந்த அக்டோபர் 2ஆம் தேதி அவங்களுக்கு நோபல் பரிசு அறிவிச்சாங்க, இயற்பியல்ல 55 வருஷத்துக்கு அப்புறம் ஒரு பெண்ணுக்கு. அன்னைக்கே பக்கம் வந்துடுச்சு. இதுல நான் பாக்கிற விஷயம் என்னன்னா, அவங்க தகுதி மே மாசத்துலயும் இருந்துச்சு, ஆனா வரைவுல அது தெரியல. பரிசீலிக்கிறவரு நம்ம போட்ட மேற்கோளைத்தான் பாப்பாரு, அவரே போய்த் தேடணும்னு எதிர்பாக்க முடியாது.

சரி, தேட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் செலவு பண்ணி உங்க ஆளுக்குக் குறுக்கு வழி எதாவது இருக்கான்னு பாருங்க. சில துறைகளுக்குத் தனி அளவுகோல் இருக்கு. ஒரே ஒரு தடவை, அதுவும் 1952லயோ 1957லயோ சட்டமன்ற உறுப்பினரா இருந்தவரு, இன்னைக்கு அவரு ஊர்லயே யாருக்கும் ஞாபகம் இல்லன்னாலும், தேர்தல் ஆணைய அறிக்கையில ஜெயிச்சவரா பேரு இருந்தா பெரும்பாலும் போதும். 25 வருஷம் ஊராட்சித் தலைவரா இருந்து ஏரி வெட்டி ரோடு போட்டவருக்கு அந்தச் சலுகை கிடையாது, அவருக்கு ஆதாரம் தேடித்தான் ஆகணும். சாகித்ய அகாதமி, சங்கீத நாடக அகாதமி, பத்ம விருதுன்னா பெரிய பலம். எழுதின நூல்களைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கியிருந்தாலும் பேச்சுப் பக்கத்துல, அதாவது அந்தப் பக்கத்தைப் பத்தி விவாதிக்கிற இடத்துல, வலுவாச் சொல்லலாம். கலைமாமணி உதவும், ஆனா வருஷா வருஷம் நிறைய பேருக்குக் குடுக்கிற விருது, அதை மட்டும் வச்சுக்கிட்டுப் போகாதீங்க. கலை நன்மணி, கலை முதுமணி எல்லாம் மாவட்ட அளவுல குடுக்கிறது, பக்கத்துல ஒரு வரியா சேக்கலாம், பக்கத்தையே தாங்காது. பேராசிரியருங்களுக்கு வேற மாதிரி, அவங்க ஆய்வை எத்தனை பேரு மேற்கோள் காட்டியிருக்காங்கன்னு பாப்பாங்க.

எங்க வாத்தியாருக்கு இது எதுவும் இல்ல. அதனால தேடல்தான்.

தேடல்ல முதல் வேலை பேரை எத்தனை விதமா எழுதியிருப்பாங்கன்னு ஒரு நோட்டுல எழுதுறது. இன்ஷியல் தமிழ்ல ஒண்ணு, ஆங்கில எழுத்தைத் தமிழ்ல எழுதினா ஒண்ணு, அதாவது க. போட்டு ஒரு பத்திரிகை எழுதும், கே. போட்டு இன்னொண்ணு எழுதும். பழைய பத்திரிகையில சாதிப் பட்டத்தோட போட்டிருப்பாங்க, பின்னாடி அது காணாமப் போயிருக்கும். ஊர்ப் பேரைச் சேத்து எழுதியிருப்பாங்க, சில பேருக்கு வேஷமே பட்டப் பேராயிடும். ஆங்கிலத்துல இன்னும் மோசம், தெருக்கூத்துங்கிற வார்த்தையையே ஒருத்தர் எச் போட்டு எழுதுவாரு, ஆய்வாளருங்க எச் இல்லாம எழுத்துக்கு மேலயும் கீழயும் புள்ளி, கோடு எல்லாம் வச்சு எழுதுவாங்க, கட்டைக்கூத்துன்னு எழுதுறவங்களும் உண்டு. நான் 14 விதமா எழுதித் தேடினேன், 11வது விதத்துலதான் மாட்டுச்சு.

அடுத்தது எழுத்துரு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னாடி அச்சடிச்சதுல ணா, றா, னா, ணை, லை, ளை, னை எல்லாம் வேற வடிவம், லைங்கிறதுக்குத் தும்பிக்கை மாதிரி ஒரு கொம்பு இருக்கும்ல, அதுதான். ஸ்கேன் பண்ணின பழைய புத்தகத்தைக் கம்ப்யூட்டர் படிக்கிறப்ப இந்த எழுத்துங்களைத் தாறுமாறாப் படிச்சு வைக்கும். அண்ணாமலைங்கிற பேருல ணாவும் லையும் ரெண்டுமே மாட்டிக்குது பாருங்க, அப்ப திருவண்ணாமலைன்னு தேடினா எப்படிக் கிடைக்கும்? அதனால இந்த எழுத்து வராத துண்டை மட்டும் தேடுங்க, "திருவண்"ணோட நிறுத்திக்குங்க, இல்லன்னா பக்கத்து ஊர்ப் பேரு, கோயில் பேருன்னு போங்க. சீர்திருத்தம் வந்த மறுநாளே எல்லா அச்சகமும் மாறிடல, 80கள்ல வந்த புத்தகத்துலயும் பழைய எழுத்து இருக்கும்.

எங்க தேடுறதுன்னா, நெட்டுல தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்நூலகம், ஈழத்து ஆளுங்கன்னா நூலகம் திட்டம், அதுல யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகப் பத்திரிகை, சிறப்பு மலர் எல்லாம் குவிஞ்சு கிடக்கு. அப்புறம் இந்தியப் பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வேடுங்க இருக்கிற சோத்கங்கா. இதை யாரும் கண்டுக்க மாட்டேங்குறாங்க, ஆனா நாட்டுப்புறக் கலைஞருக்கு இதைவிட நல்ல இடம் இல்ல, ஏன்னா பத்திரிகைக்காரன் போகாத ஊருக்கு ஆய்வு மாணவன் போயிருப்பான், ராத்திரி பூரா உக்காந்து பாட்டையும் குழுவையும் பதிஞ்சிருப்பான். எங்க வாத்தியாரைப் பத்தி ஒரு ஆய்வேட்டுல 11 பக்கம் இருந்துச்சு, யாருகிட்ட கத்துக்கிட்டாரு, எத்தனை வயசுல பெண் வேஷம் கட்டினாரு, எப்ப குழு ஆரம்பிச்சாரு எல்லாம். ஒரு எச்சரிக்கை, முனைவர் பட்ட ஆய்வேட்டை ஏத்துக்குவாங்க, எம்.ஏ., எம்.ஃபில். ஆய்வேட்டுக்கு அவ்வளவு மதிப்பு இல்ல.

வெளிநாட்டு ஆய்வாளருங்க புத்தகத்தை மறந்துடாதீங்க. தெருக்கூத்தை எடுத்துக்கிட்டா ரிச்சர்ட் ஃப்ராஸ்கா புத்தகம் 1990ல ஹவாய் பல்கலைக்கழகப் பதிப்பகத்துல வந்துச்சு, ஹன்னே டி ப்ரூயின் கட்டைக்கூத்து பத்தி எழுதினது 1999ல வந்துச்சு, ஆல்ஃப் ஹில்டபைட்டல் செஞ்சிப் பக்கம் திரௌபதி அம்மன் வழிபாட்டைப் பத்தி எழுதின ரெண்டு பாகம் 1988லயும் 1991லயும். இந்த மாதிரிப் புத்தகத்துல முதல் பக்கத்துல இருந்து படிக்க வேணாம், கடைசியில இருக்கிற பெயர் அடைவை, அதாவது இன்டெக்ஸைப் பாருங்க, உங்க ஆளு பேரு, இல்லன்னா ஊர்ப் பேரு இருந்தா அந்தப் பக்கத்துக்குப் போங்க, அடிக்குறிப்பையும் விடாதீங்க. உங்க ஆளு நாதஸ்வரமோ பரதமோ சிலம்பமோ, எதுவா இருந்தாலும் அந்தத் துறைக்குன்னு நாலஞ்சு ஆய்வுப் புத்தகம் இருக்கும், அதைப் பிடிங்க.

இப்ப வீட்டுக்கு வருவோம். வாத்தியார் சம்சாரம் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிட்டு வந்து வச்சாங்க. திறந்தா கற்பூர வாசனை, அடியில ஒரு ஜதை சலங்கை, மேல பேப்பரா 31. கூத்து நோட்டீஸ்தான் பாதிக்கு மேல, "இரவு 10 மணியளவில்"னு போட்டு. ரெண்டு கோயில் விழா மலர், ஒரு கலை நன்மணி சான்றிதழ், கலெக்டரோட எடுத்த போட்டோ, கூடவே நாலு பத்திரிகைத் துண்டு. நாலுலயும் தேதி இல்ல, பத்திரிகைப் பேரும் இல்ல, கத்தரிக்கிறப்ப அவரைப் பத்தி வந்த இடத்தை மட்டும் அழகாக் கத்தரிச்சிருக்காங்க. தேதியும் பேரும் இல்லாத துண்டு மேற்கோளுக்கு உதவாது.

அப்பதான் துண்டைத் திருப்பிப் பாத்தேன். பின்பக்கம் பாதி அறுந்த ஒரு சினிமா விளம்பரம், 50வது நாள்னு போட்டிருந்துச்சு. படம் ரிலீஸான தேதி சுலபமாக் கிடைச்சுது, அதோட 50 நாளைக் கூட்டினா எந்த வாரம்னு தெரிஞ்சுபோச்சு. எழுத்து வடிவத்தையும் பத்தி அகலத்தையும் வச்சு எந்தப் பத்திரிகைன்னு ஊகிச்சோம். அந்த மாசத்து பைண்டு வால்யூமை நூலகத்துல எடுத்துப் பாத்தா ஒரு ஞாயித்துக்கிழமை இணைப்புல முழுப் பக்கம், நிருபர் பேரோட. பக்கம் புரட்டப் புரட்ட ஓரம் அப்பளம் மாதிரி உதிருது, ரெண்டு கையாலயும் தாங்கித்தான் திருப்பணும். அந்தப் பக்கத்தோட தலைப்பு, தேதி, பக்க எண், எழுதினவரு பேரு எல்லாம் தெரியுற மாதிரி போட்டோ எடுத்துக்கிட்டேன். சினிமா விளம்பரம் இல்லன்னா தங்கம் விலை, கிரிக்கெட் ஸ்கோர், லாட்டரி ரிசல்ட், எதை வச்சும் தேதி பிடிக்கலாம். 1954ல வந்த சட்டத்துக்கும் 1956 திருத்தத்துக்கும் அப்புறம் இந்தியாவுல வர்ற புத்தகமும் பத்திரிகையும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு பிரதி போகணும்னு இருக்கு, அதனால அங்க கேட்டுப் பாருங்க, பழைய சிற்றிதழ்னா ரோஜா முத்தையா நூலகம்.

இன்னொண்ணு, ஆதாரம் நெட்டுல இருந்தாத்தான் செல்லும்னு ஒரு நினைப்பு இருக்கு, அது தப்பு. அச்சுல மட்டும் இருக்கிற பத்திரிகையும் செல்லும், ஆங்கில விக்கிபீடியாவுல தமிழ் ஆதாரமும் செல்லும், முழு விவரம் குடுத்து, முக்கியமான வரி ரெண்டை மேற்கோளுக்குள்ள எடுத்துப் போட்டு மொழிபெயர்ப்பும் குடுத்துட்டா பரிசீலிக்கிறவருக்கு நம்பிக்கை வரும்.

அப்புறம் சலிக்கிறது. என் நாலு துண்டுல ஒண்ணு "இன்றைய நிகழ்ச்சி"யில ஒரு வரி, தள்ளிட்டேன். ஒண்ணு குழுக்காரங்க காசு குடுத்துப் போட்ட இரங்கல் விளம்பரம், அதுவும் ஆகாது. மூணாவது பேட்டி, அதுல கேள்வி பதிலா இருக்கிறது எல்லாம் அவரே தன்னைப் பத்திச் சொன்னது, சார்பில்லாததுன்னு எடுத்துக்க மாட்டாங்க, தகவலுக்கு மட்டும் வச்சுக்கிட்டேன். நாலாவது அந்த முழுப் பக்கக் கட்டுரை. அதோட ஆய்வேடு 11 பக்கம், ஒரு வெளிநாட்டு ஆய்வாளர் புத்தகத்துல 2 பக்கம். ஆக மூணு. கூத்துக்காரரைப் பத்தி 31 பேப்பரும் யூடியூப்ல 6 வீடியோவும் கைல இருந்தும் தாங்கினது மூணுதான், ஆனா மூணு நல்ல ஆதாரம் இருந்தா பக்கம் நிக்கும், முப்பது சொத்தை ஆதாரம் இருந்தா நிக்காது, பரிசீலிக்கிறவருக்கு எரிச்சல்தான் வரும். வலைப்பூ, ஃபேஸ்புக் பதிவு, யாரு வேணா திருத்தக்கூடிய தளம், விக்கிபீடியாவையே காப்பியடிச்சு எழுதின கட்டுரை இதெல்லாம் தொடவே தொடாதீங்க.

எழுதுறப்ப ஆதாரத்துல இருந்து ஆரம்பிங்க. நான் முதல்ல எழுதினது "கூத்துக் கலையின் இமயம், ஈடு இணையற்ற நடிகர்"னு ஆரம்பிச்சுது. ரெண்டாவது தடவை "திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த தெருக்கூத்துக் கலைஞர், கூத்து ஆசிரியர், துரியோதனன் வேடத்துக்காக அறியப்பட்டவர்"னு எழுதி அந்த வரி முடிஞ்ச இடத்துலயே மூணு மேற்கோளையும் போட்டேன். புகழணும்னு இருந்தா அடுத்தவர் புகழ்ந்ததை அவரு பேரோட எடுத்துப் போடுங்க, உங்க வாயால வேணாம். ஆள் உயிரோட இருக்கிறவர்னா இன்னும் கவனம், ஆதாரமில்லாத ஒரு வரிகூட, நல்லதோ கெட்டதோ, வைக்காதீங்க, வீட்டு விலாசம், குடும்பத்துப் புள்ளைங்க பேரு எதுவும் வேணாம்.

நீங்க சொந்தக்காரரா, சிஷ்யரா இருந்தா பேச்சுப் பக்கத்துல முதல்லயே சொல்லிடுங்க, ஒண்ணும் குடி முழுகாது, மறைச்சு மாட்டினாத்தான் பிரச்சினை. காசு வாங்கி எழுதுறவங்க அதைத் தெரிவிச்சே ஆகணும்னு 2014ல இருந்து விதி. "பக்கம் நாங்க ஏத்தித் தர்றோம், இவ்வளவு ஆகும்"னு மெயில் வந்தா தயவுசெஞ்சு நம்பாதீங்க. 2015ல ஆங்கில விக்கிபீடியாவுல ஒரு கும்பலோட 381 கணக்கைத் தடை பண்ணினாங்க, வரைவு நிராகரிக்கப்பட்டவங்களாத் தேடிப் பிடிச்சு அவங்ககிட்டயே காசு கறந்த கும்பல் அது. கலைஞர் குடும்பங்க பாவம், இதுல சுலபமா விழுந்துடுறாங்க.

போட்ட பிறகு நீக்கணும்னு யாராவது சொன்னா பதறாதீங்க. ஆங்கிலத்துல உரையாடல் சாதாரணமா 7 நாள் ஓடும், தமிழ்ல பேச்சுப் பக்கத்துல கேப்பாங்க. அங்க ஆள் சேத்துக்கிட்டு வந்து "வைக்கவும், வைக்கவும்"னு எழுத வைக்கிறது வேலைக்காகாது, தலையை எண்ணி முடிவு பண்றது இல்ல. "இந்த மூணு ஆதாரம் இருக்கு, இது இத்தனை பக்கம், எழுதினவருக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்ல"ன்னு மூணே வரி போதும். என் விஷயத்துல அதைப் போட்டதும் கேட்டவரே "சரி"ன்னு தன் கோரிக்கையைத் திரும்ப எடுத்துக்கிட்டாரு.

எவ்வளவு தேடியும் மூணு தேறலையா, அப்ப பக்கம் போடாதீங்க, வேற இடத்துல வைங்க. ஊரைப் பத்தின பக்கத்துலயோ கலையைப் பத்தின பக்கத்துலயோ ஒரு ஆதாரத்தோட ரெண்டு வரி சேக்கலாம். தகவலைக் குறிப்பு குறிப்பா சேத்து வைக்கிற விக்கித்தரவுல அளவுகோல் இதைவிட இலகு. நீங்களே எடுத்த போட்டோன்னா விக்கிபீடியாவுக்குப் படம் சேத்து வைக்கிற காமன்ஸ் தளத்துல ஏத்தலாம், அடுத்தவர் எடுத்ததுன்னா அவரு சம்மதம் வேணும். அதோட, அவரைப் பத்தி எழுத ஒரு நிருபரையோ ஆய்வு மாணவரையோ ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க, கிழவருங்க இருக்கிறப்பவே. அவங்க எழுதி அச்சுல வந்துட்டா ரெண்டு மூணு வருஷத்துல கதை மாறும்.

பக்கம் நின்ன பிறகு வாத்தியார் மகன் போன் பண்ணினாரு, அப்பா பிறந்த வருஷம் தப்பா இருக்குண்ணேன்னு. ஆய்வேட்டுல 1938, வீட்டு ஜாதக நோட்டுல 1941. ஜாதக நோட்டு எங்கயும் வெளிவந்தது இல்ல, அதை மேற்கோளாக் காட்ட முடியாது, ஆனா தப்புன்னு குடும்பமே சொல்ற ஒண்ணை எழுதி வைக்கவும் எனக்கு மனசு வரல. பேச்சுப் பக்கத்துல ரெண்டையும் விளக்கமா எழுதி வச்சுட்டு, பக்கத்துல இருந்து பிறந்த வருஷத்தை எடுத்துட்டேன். பத்திரிகைக் கட்டுரை எழுதின அந்த நிருபர் இப்பவும் இருக்காரு, அவருகிட்ட பழைய குறிப்பு நோட்டு இருக்காம், வர்ற மாசம் போய்ப் பாக்கணும்.